வர்த்தமானன் போட்ட துளை

திண்டிவனத்தில் மயிலம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வர்த்தமானன் வீடு. வாசலில் இரும்புக் குழாய்கள் அடுக்கிக் கிடப்பதை வைத்தே யாரும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். நிலத்தில் துளை போடுவது அவர் தொழில். தண்ணீருக்காக இல்லை, கல்லுக்காக. பாலம் கட்டுகிறவர்கள், குவாரிக்கு இடம் பார்க்கிறவர்கள், அடியில் என்ன பாறை இருக்கிறது என்று தெரிய வேண்டியவர்கள் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். வைரத்துகள் பதித்த பல்லை முனையில் மாட்டிக் குழாயைச் சுழலவிட்டு இறக்குவார். மேலே வரும்போது உள்ளே கரும்புத் துண்டு மாதிரி உருண்டையாகப் பாறை வந்திருக்கும்.

செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம் அவருடையது. அப்பா மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரி, விரதம் தவறாதவர். 1993இல் பாலிடெக்னிக் முடித்த கையோடு மகன் துளை போடும் கம்பெனியில் சேரப் போவதாகச் சொன்னதும் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"மண்ணும் கல்லும் உயிரு தாண்டா. அதுக்குக் கண்ணு கெடையாது, காது கெடையாது. தொட்டா மட்டும் தெரியும். அதப் போயி கொடையப் போறேன்ற."

இரண்டு மாதம் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் மகன்தான் இறங்கி வந்தார். வேலையை விடவில்லை. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டேன், துளை போடுவதற்கு முன்னால் கல்லைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்று ஒப்புக்கொண்டார். இரண்டையும் காப்பாற்றினார். அவர் பாறைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "நயினாரு கல்லுக்கு ஜுரம் பாக்குறாரு" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சமணர்களை நயினார் என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அவரும் சிரித்துக்கொள்வார்.

பரிமளா அவர் வாழ்க்கையில் வந்தது 1999இல். விழுப்புரத்துப் பெண், வடக்கே ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறையில் முழ நீளத்துக்குக் கல் வெட்டி எடுத்துக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டு வந்தார். தங்கமா, வைரமா, எதைத் தேடுகிறீர்கள் என்று வர்த்தமானன் கேட்டார்.

"வெயில்ல நின்னா நம்ம தோல் கறுக்குது இல்லைங்களா, அந்த மாதிரி கல்லுக்கும் ஒண்ணு நடக்குது. வானத்துக்கும் அந்தாண்டலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத கதிருங்க வந்து விழுந்துக்கினே இருக்கு. அது கல்லுல இருக்கிற வெள்ளப் படிகத்துல பட்டா, அதுக்குள்ள அணுவோட ஜாதியே மாறிப்போவுது. புதுசா ஒரு அணு பொறக்குது. எவ்ளோ பொறந்திருக்குன்னு எண்ணிப் பாத்தா, இந்தக் கல்லு எவ்ளோ காலமா வானத்தப் பாத்துக்கினு கெடக்குன்னு சொல்லிடலாம்."

"மேல எதையாவது போட்டு மூடிட்டா?"

"பொறக்கறது நின்னுடும். பொறந்ததும் கொஞ்சங் கொஞ்சமா அழிஞ்சிக்கினு வரும். சிலது சீக்கிரம் அழியும், சிலது மெதுவா. மிச்சம் இருக்கறத வெச்சி, எத்தினி காலம் மூடிக் கெடந்திச்சின்னும் சொல்லலாம்."

அன்று முதல் வர்த்தமானனுக்குப் பாறையைத் தொட்டால் ஒரு கூச்சம். இத்தனை காலம் கண்ணில்லாதது என்று நினைத்திருந்த ஒன்று தலைக்கு மேலே நடந்ததை எல்லாம் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. கேட்கிற விதத்தில் கேட்டால் சொல்லிவிடுகிறது.

2007இல் பரிமளா மறுபடியும் போன் செய்தார். இந்த முறை அன்டார்டிகாவுக்கு. கரையிலிருந்து முப்பது மைல் உள்ளே, பனிக்கு அடியில் ஒரு பாறைமேடு புதைந்து கிடக்கிறது. எழுபது மீட்டர் பனியைத் துளைத்துக்கொண்டு போய் அந்தக் கல்லை எடுக்க வேண்டும். அங்கே பனி எல்லாக் காலத்திலும் இருந்ததா, நடுவில் எப்போதாவது கரைந்து போயிருந்ததா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்ல அந்தக் கல்லை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

"அங்க போயி இன்னா சாப்புடுவீங்க?" என்றாள் மனைவி ராஜமதி. கேப்பை மாவு, வறுத்த மல்லாட்டை, பருப்புப்பொடி எல்லாம் கட்டிக் கொடுத்தாள்.

பனிமேல் கூடாரம் போட்டவர்கள் நான்கு பேர். பரிமளா, வர்த்தமானன், டாக்டர் கோதண்டபாணி, முகாம் வேலைக்கு இளவழகன். இளவழகன் மரக்காணத்துக் குப்பத்து ஆள், முப்பது வயசு இருக்கும். 2004 சுனாமியில் அவன் தெருவே போய்விட்டது. அவன் அம்மாவும் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் கடலில் இறங்கவில்லை. இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்று வர்த்தமானன் கேட்டபோது அவன் சொன்ன பதில் விசித்திரமாக இருந்தது.

"கடலே இல்லாத எடமா வேணும்னு இருந்திச்சி நயினாரே. இங்க தண்ணி எம்மாம் இருந்தாலும் அசையாது பாருங்க."

சூரியன் மறையாத பருவம் அது. வானத்தின் ஓரமாக வட்டமடித்துக்கொண்டே இருக்கும், கீழே இறங்காது. பொழுது சாயாத ஊரில் எப்போது சாப்பாட்டை நிறுத்துவது? வர்த்தமானன் கைக்கடிகாரத்தைத் திண்டிவனத்து நேரத்திலேயே வைத்துக்கொண்டார். அங்கே ராஜமதி விளக்கு ஏற்றும் நேரம் வந்ததும் இங்கே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். கண் கூசுகிற வெளிச்சத்தில் அவர் "ராத்திரி ஆயிடுச்சி" என்று சொல்வதைக் கேட்டு இளவழகன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் அப்படிச் சிரித்த நாட்கள் கொஞ்சம்தான்.

பனியைத் துளைப்பது சுலபமாகத்தான் நடந்தது. ஒரு காலையில் சத்தம் மாறியது. பல் கல்லைத் தொட்டுவிட்டது. வர்த்தமானன் மோட்டாரை நிறுத்தினார். தொழிலுக்கு வந்ததிலிருந்து கல்லைத் தொடாமல் அவர் துளைத்தது கிடையாது. இந்தக் கல்லோ எழுபது மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மனசுக்குள்ளேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி ஓடவிட்டார்.

மேலே வந்த கல்லைப் பார்த்ததும் அவருக்குத் திக்கென்றது. நீலமும் பச்சையும் கலந்த கறுப்பு. அவர் வீட்டு வாசற்படி என்ன கல்லோ அதே கல். "ஒரு காலத்துல ரெண்டு தேசமும் ஒட்டிக்கினு தான் இருந்திச்சி. ஒரே பாறை தான்" என்றார் பரிமளா. அதன் மேல்முனை, பனியின் அடிவயிற்றை இத்தனை காலம் தாங்கிக் கிடந்த முனை, தேய்த்த அம்மி மாதிரி வழவழவென்று இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வர்த்தமானன் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். குளிர் தெரியவில்லை. சூடாக இருந்தது. உச்சி வெயிலில் காய்ந்த கல்லைத் தொட்ட மாதிரி. எடுக்கப் பார்த்தால் கை வரவில்லை. இழுத்ததில் விரல்நுனித் தோல் கல்லோடு போய்விட்டது.

"அவ்ளோ குளிர்ல சுடற மாதிரி தான் தெரியும்" என்று கோதண்டபாணி கட்டுப் போட்டார். சரிதான் என்று வர்த்தமானனும் நினைத்துக்கொண்டார். ஆனால் அது சுட்ட சூடு இல்லை, இதமான சூடு என்பதை அவர் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கே புயல் பிடித்தது. துளைக்கு மேலே போட்டிருந்த கூடாரத்தில் கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்த வர்த்தமானனும் இளவழகனும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மற்ற இருவரும் சமையல் கூடாரத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிறு இல்லாவிட்டால் பத்தடி தள்ளிப் போனவன் திரும்ப மாட்டான். வெளியே எங்கு பார்த்தாலும் வெள்ளை. மேல் எது, கீழ் எது, தரை எங்கே முடிகிறது என்று தெரியாது. பால் சட்டியில் விழுந்த எறும்புக்குத் தெரிகிற உலகம் அது.

புயல் ஏற ஏறக் கூடாரத்தின் நடுவிலிருந்த துளை மூச்சு விட ஆரம்பித்தது.

வர்த்தமானனுக்கு இது புதிதில்லை. வெளியே காற்றழுத்தம் இறங்கினால் துளைக்குள் இருக்கும் காற்று மேலே வரும், ஏறினால் உள்ளே போகும். நம் ஊர் போர்வெல்லிலும் உண்டு. அதை அவர் எடுத்துச் சொன்னார். இளவழகன் கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டுத் துளைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக் காதை வைத்தான்.

"அல அடிக்குது நயினாரே."

"காத்துடா."

"காத்து மேல அடிக்குது. அல கீழ அடிக்குது. நீங்க கேளுங்க."

வர்த்தமானன் குனிந்தார். முதலில் மூச்சுதான் கேட்டது. நீண்டு, இழுத்து, நின்று நின்று வருகிற மூச்சு. அதற்குக் கீழே, வெகு கீழே, இன்னொன்று இருந்தது. அது நிற்காமல் ஒரே சீராக வந்தது. வந்து மோதும். ஒரு கணம் அமைதி. பிறகு கலகலவென்று எதையோ வாரி இழுத்துக்கொண்டு திரும்பிப் போகும். அவர் நிமிர்ந்துகொண்டார். "ஒண்ணுமில்ல. படுத்துத் தூங்கு" என்றார். துளையின் வாய்மேல் ஒரு தார்பாய்த் துண்டை மடித்துப் போட்டார். மூச்சு வருகிற போதெல்லாம் அந்தத் துண்டு மெல்ல எழும்பி எழும்பி அடங்கியது.

எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது. விழித்தபோது இளவழகனைக் காணோம். அவனுடைய பூட்சு இரண்டும் கூடாரத்தின் வாயிலில், செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போனவன் வைத்த மாதிரி, ஜோடியாக இருந்தன. காலுறைகள் அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

வர்த்தமானன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினார். கயிற்றின் பாதிவழியில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை கயிற்றில் இருந்தது. கால்சட்டையின் இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே சுருட்டியிருந்தது. வெறுங்கால். ஒன்றுமே இல்லாத வெள்ளையைப் பார்த்து நின்றான். நின்றான் என்றுகூடச் சொல்ல முடியாது. அலை பாதத்துக்குக் கீழே மண்ணை அரித்துக்கொண்டு போகும்போது கரையில் நிற்பவன் எப்படிக் காலை மாற்றி மாற்றி ஊன்றுவானோ, அப்படி ஊன்றிக்கொண்டிருந்தான்.

வர்த்தமானன் அவன் தோளைப் பிடித்து இழுத்தார்.

"இருங்க நயினாரே" என்றான் அவன், நிதானமாக. "இந்த அல போவட்டும்."

அவரும் இருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் காற்றின் சத்தம் அடங்கின மாதிரியும், இருவரும் எதற்கோ வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற மாதிரியும் தோன்றியது. பிறகு அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றைத் தடவித் தடவிச் சமையல் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

கோதண்டபாணி வெந்நீரில் அவன் கால்களை வைத்துப் பார்த்தார். விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. உள்ளங்கால் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டுக்காயங்கள். பனிச்சில்லு கிழித்திருக்கும் என்றார் டாக்டர். புயல் விட்டதும் ஹெலிகாப்டர் வந்து இளவழகனைக் கொண்டுபோனது. கேப்டவுன் ஆஸ்பத்திரியில் இடது காலில் ஐந்து விரலும் வலது காலில் இரண்டும் எடுத்துவிட்டார்கள். சுனாமியில் அம்மாவைப் பறிகொடுத்தவன், அடைபட்டுக் கிடந்ததில் மனசு கலங்கிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதில் நம்பாமல் இருக்க ஒன்றுமில்லை.

ஊருக்குத் திரும்பிய வர்த்தமானன் பழைய தொழிலையே பார்த்தார். 2010க்கு மேல் போர்வெல் வண்டி ஒன்றும் வாங்கித் தண்ணீருக்கும் துளை போட ஆரம்பித்தார். விரல்நுனியில் தோல் வளர்ந்துவிட்டது. ராஜமதிக்கு மட்டும் நடந்ததை எல்லாம் சொல்லியிருந்தார். கூழாங்கல் உருளுகிற மாதிரி கேட்ட அந்தச் சத்தத்தையும். "அத ஏன் நெனச்சிக்கினே இருக்கீங்க" என்பாள் அவள்.

2012இல் ஒரு கல்யாணத்துக்கு விழுப்புரம் வந்திருந்த பரிமளா அவரை வரச் சொன்னார். மண்டபத்து வெளியே, ஐஸ்கிரீம் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அந்தக் கல்லை உடைத்து, அமிலத்தில் கழுவி, படிகத்தை மட்டும் பிரித்து அணுக்களை எண்ணி முடிக்க இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

"அந்தக் கல்லு வெயில் பாத்திருக்கு வர்த்தமானன்" என்றார் பரிமளா. "நாங்க நெனச்சது தப்பு. பனி அங்க எப்பவும் இருந்திச்சின்னு நெனச்சோம். இல்ல. நாலு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மொத்தமும் கரைஞ்சி போயிருக்கு. அந்தப் பாறை பல ஆயிரம் வருஷம் வெட்டவெளியில கெடந்திருக்கு."

வர்த்தமானன் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "பனி இல்லாதப்ப அங்க இன்னா இருந்திச்சிங்க மேடம்?"

"இன்னா இருந்திருக்கும்? கல்லு. அப்புறம் கடல். பனி போயிட்டா தாழ்வான எடத்துக்கெல்லாம் கடல் உள்ள வந்துடும் இல்ல. அந்த மேடு வரைக்கும் வந்திருக்கணும். நாம கூடாரம் போட்ட எடம் தான் கரையா இருந்திருக்கும். மணல் இருக்காது. கூழாங்கல்லுக் கரை."

பந்தியில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வர்த்தமானன் பசியில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

இளவழகன் அப்போது குப்பத்தில் இல்லை. கடலை விட்டு உள்ளே, திருவக்கரைக்குப் போகிற வழியில் ஒரு மேட்டுநிலம் வாங்கி, மனைவி கொளஞ்சியோடு குடியிருந்தான். நாலைந்து ஆடு, ஒரு பெட்டிக்கடை. வர்த்தமானன் தேடிக்கொண்டு போன அன்று அவன் கடைக்குள் உட்கார்ந்து பஞ்சு வைத்த செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

பரிமளா சொன்னதை எல்லாம் வர்த்தமானன் ஒன்றுவிடாமல் சொன்னார். அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை.

"அன்னிக்கி உனக்கு இன்னா தான் தெரிஞ்சிச்சி? டாக்டரு கேட்டப்ப ஞாபகம் இல்லன்ன."

"ஞாபகம் இருக்குது நயினாரே. சொன்னா பைத்தியக்கார ஆஸ்பத்திரியில போட்டுடுவாங்க." அவன் செருப்பின் வாரை இழுத்து மாட்டினான். "தண்ணி முழங்கால் வரைக்கும் இருந்திச்சி. உப்புத் தண்ணி. வாயில பட்டுச்சி, அதனால தெரியும். எங்கம்மாவத் தேடிக்கினு தான் நான் போனேன், அது வாஸ்தவம். ஆனா எறங்கின அப்புறம் தெரிஞ்சிக்கினேன், அது எங்க கடல் இல்லன்னு."

"எப்பிடி?"

"கால்ல கல்லு குத்துச்சி. மரக்காணத்துல ஏது கல்லு. அப்பறம் இன்னொண்ணு. அந்தக் கடல்ல ஒருத்தரும் இல்ல. செத்தவங்களும் இல்ல. மனுசனையே பாக்காத கடல் அது. அது பாட்டுக்கு வந்து வந்து போயிக்கினு கீது. அதான் பயமா இருந்திச்சி."

வர்த்தமானன் தானும் அந்தச் சத்தத்தைக் கேட்டதை அன்றுதான் அவனிடம் சொன்னார். இளவழகன் தலையாட்டினான். கொளஞ்சி இருவருக்கும் மோர் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீருக்கு ரொம்பப் பேஜாராக இருக்கிறது, நயினார் ஒரு போர் போட்டுக் கொடுத்தால் நல்லது என்றாள்.

மறுவாரமே வண்டியைக் கொண்டுபோனார். அந்தப் பக்கம் பாறை இல்லை. செம்மண், மணல், களி என்று மாறி மாறி வரும். மரமே கல்லாய்ப் போய்க் கிடக்கிற பூமி அது. அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் எல்லாம் நல்ல தண்ணீர்தான். வர்த்தமானன் மண்ணைத் தொட்டுவிட்டுத் துளையை ஆரம்பித்தார். மதியத்துக்குள் சாம்பல் நிறக் களி வந்தது. களியோடு சிப்பி ஓடுகள். அதையும் தாண்டினதும் தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. வேலையாட்கள் முகம் கழுவப் போய்ப் பின்வாங்கினார்கள். கொளஞ்சி ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினாள்.

இளவழகன் மெதுவாக நடந்து வந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"அதே தண்ணி நயினாரே."

வர்த்தமானன் பரிமளாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கமெல்லாம் பல கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடியாக இருந்த இடம், களிக்கு நடுவே எங்காவது பழைய உப்புநீர் அடைபட்டிருக்கும், பக்கத்துக் கொல்லையில் இருக்காது, அது அவன் நேரம் என்று அவர் சொன்னார். வர்த்தமானன் அதை அப்படியே இளவழகனிடம் சொன்னார். நூறடி தள்ளி வேறு இடம் பார்த்துப் போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

"வேணாம்" என்றான் இளவழகன். அவன் முகம் தெளிந்திருந்தது. எட்டு வருஷமாக அந்த முகத்தில் இல்லாத தெளிவு என்று கொளஞ்சி பிற்பாடு சொன்னாள். "நான் இங்க ஓடி வர்றதுக்கு முன்னாலயே அது வந்துட்டுப் போயிருக்குது. அந்தப் பனி மேலயும் அப்பிடித் தான். அதுக்குப் பயந்து எங்கன்னு போயிக்கினே இருக்கறது?"

தை பிறந்ததும் ஆடுகளை விற்றுவிட்டு அவன் கொளஞ்சியை அழைத்துக்கொண்டு குப்பத்துக்கே திரும்பிவிட்டான். அம்மா இருந்த இடத்திலேயே, கடலைப் பார்த்து வாசல் வைத்து வீடு கட்டினான். படகில் ஏறக் கால் ஒத்துழைக்காது. கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறான், ஐஸ்பெட்டி வைத்து மீன் ஏற்றி அனுப்புகிறான். நன்றாகத் தூங்குகிறானாம்.

பரிமளா இன்னொரு மேட்டைத் துளைக்க 2014இல் கூப்பிட்டபோது வர்த்தமானன் மறுத்துவிட்டார். முதுகுவலி என்று காரணம் சொன்னார். வேறு ஆளை வைத்துப் போட்டார்கள். அந்தக் கல்லும் வெயில் பார்த்ததுதான் என்று பிறகு செய்தி வந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை அவர் இளவழகனைப் பார்க்க மரக்காணம் போவார். மணலில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். இளவழகன் அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாவகாசமாக வலையில் கண்ணாய் இருப்பான். வர்த்தமானனால்தான் ரொம்ப நேரம் உட்கார முடியாது. அலை மோதித் திரும்பும்போதெல்லாம் அவர் காது எதையோ எதிர்பார்த்துக் கூர்மையாகிவிடும். இங்கே மணல்தான், கல் கிடையாது, அப்படிச் சத்தம் வராது என்று தெரிந்தும் மனசு கேட்காது. கொஞ்ச நேரத்தில் எழுந்து வேட்டியை உதறிக்கொள்வார்.

"இன்னா நயினாரே, அதுக்குள்ள?"

"பஸ்சு போயிடும்ப்பா. நீ வேலயப் பாரு, வர்றேன்."

திண்டிவனத்துக்கு அடுத்த பஸ் இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்பது இருவருக்கும் தெரியும். இளவழகன் அவரை ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான்.